காணும் மூலக்கூறும் கொல்லும் மூலக்கூறும்: போரான் நியூட்ரான் சிகிச்சையில் அளவீட்டின் இடம்

புற்றுநோய்க்கான போரான் நியூட்ரான் பற்றுச் சிகிச்சையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் நியூட்ரானைச் சுற்றியே நடக்கிறது. எந்த முடுக்கி, கற்றையின் செறிவு எவ்வளவு, கட்டடத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பவையே முதல் கேள்விகளாக எழுகின்றன. 2020 மார்ச்சில் ஜப்பான் அரசு, தலை, கழுத்துப் பகுதியில் அறுவைக்கு உட்படுத்த முடியாத புற்றுநோய்க்கு, முடுக்கி வழியிலான இச்சிகிச்சையை உலகில் முதன்முதலாக அனுமதித்தது. அதன்பின் இப்போக்கு மேலும் வலுத்துவிட்டது. ஆனால் சிகிச்சையின் விளைவைத் தீர்மானிப்பது கட்டிக்குள் சேரும் போரானின் அளவு. அதை ஒவ்வொரு நோயாளியிடமும் நேரடியாக அறியும் வேதியியல் கைவராதவரை, கற்றையை மேம்படுத்திப் பெறும் பயன் குறுகியதாகவே இருக்கும். கதிர்வீச்சு வேதியியல், ஒளியால் இயங்கும் தொகுப்பு, போரான் சேர்மங்களைக் கொண்டு கட்டியைப் படம்பிடித்தல் ஆகிய மூன்று துறைகளிலும் அண்மையில் நிகழ்ந்த முன்னேற்றங்களை இந்த ஒரே கேள்வியின் பகுதிகளாகப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கணக்கிலிருந்து தொடங்குவோம். இயற்கைப் போரானில் ஐந்தில் ஒரு பங்கு போரான்-10 ஐசோடோப்பு. மெதுவாக நகரும் நியூட்ரானைப் பற்றுவதில் அதன் குறுக்குவெட்டு ஏறத்தாழ 3840 பார்ன். உடலின் திசுக்களில் மிகுந்துள்ள ஹைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன், நைட்ரஜன் எவையும் இதன் அருகில்கூட வருவதில்லை. நியூட்ரானைப் பற்றிய கரு உடைந்து ஓர் ஆல்ஃபா துகளையும் ஒரு லித்தியம்-7 கருவையும் எறிகிறது. ஆல்ஃபா துகள் 9 மைக்ரோமீட்டர், லித்தியம் 5 மைக்ரோமீட்டர் தொலைவுக்குள் ஆற்றல் முழுவதையும் இழந்து நின்றுவிடுகின்றன. ஒரு செல்லின் விட்டமும் ஏறத்தாழ இவ்வளவே. போரான் புகுந்த செல் சாகும், அண்டைச் செல் பிழைக்கும் என்ற எதிர்பார்ப்பு இந்த நீளத்தை நம்பியே பிறந்தது. 1932இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்தார். நான்கே ஆண்டுகளில், 1936இல், கார்டன் லாக்கர் இந்தச் சிகிச்சையை முன்மொழிந்துவிட்டார்.

கட்டியின் ஒவ்வொரு கிராமிலும் 20 மைக்ரோகிராம் போரான்-10 இருக்கிறது என்று கொள்வோம். பயனுள்ள சிகிச்சைக்குக் குறைந்தபட்சம் தேவை என்று பொதுவாகச் சொல்லப்படும் அளவு இதுதான். செல் ஒன்றுக்கு ஏறத்தாழ நூறு கோடி அணுக்கள். சதுர சென்டிமீட்டருக்கு மொத்தம் ஐந்து லட்சம் கோடி வெப்ப நியூட்ரான்கள் பாய்ந்தால், பத்துக் கோடி போரான் அணுக்களில் இரண்டே வினைபுரியும். அதாவது செல் ஒன்றில் ஏறத்தாழ இருபது பிளவுகள். அந்தப் பிளவுகள் திசுவுக்குத் தரும் கதிர்வீச்சு அளவு ஏறத்தாழ 8.7 கிரே. போரான் பாதியானால் இதுவும் 4.3 கிரேயாகப் பாதியாகிறது. போரானின் செறிவும் கதிர்வீச்சு அளவும் நேர் விகிதத்தில் உள்ளன. ஒன்றில் நேரும் பிழை அப்படியே மற்றதில் நேரும் பிழை.

இதன் பொருளை எக்ஸ் கதிர்ச் சிகிச்சையோடு ஒப்பிட்டால்தான் உணர முடியும். அங்கே கட்டிக்குச் சேரும் கதிர்வீச்சு அளவு, குறித்த அளவிலிருந்து 5 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது என்பது 1970களிலேயே பன்னாட்டு அளவில் ஏற்கப்பட்ட நெறி. போரான் சிகிச்சையில் நெடுங்காலம் பின்பற்றப்பட்ட வழி வேறு. குருதியில் போரானை அளப்பார்கள். குருதியைப் போலக் கட்டியில் 3.5 மடங்கு இருக்கும் என்பது போன்ற ஒரு நிலையான விகிதத்தால் பெருக்குவார்கள். அந்த 3.5 சிலரின் கட்டித் திசுவிலிருந்து கிடைத்த சராசரி. இன்று படுக்கையில் இருக்கும் இந்த நோயாளியின் கட்டியில் அது 2 ஆக இருக்கலாம், 5 ஆகவும் இருக்கலாம். ஒரே கட்டியின் இரு ஓரங்களில் வேறுபடவும் செய்யலாம். ஜப்பானில் அனுமதிக்கு அடிப்படையான இரண்டாம் கட்ட ஆய்விலும், கதிர்வீச்சை எப்போது நிறுத்துவது என்பதை வாய்க்குழிச் சளிச்சவ்வு தாங்கும் எல்லைதான் முடிவு செய்தது. நலமான திசுவுக்கு எவ்வளவு போயிற்று என்பது தெரியும், நோயுற்ற திசுவுக்கு எவ்வளவு போயிற்று என்பது அனுமானம் என்ற நிலையை ஒரு கதிர்வீச்சுச் சிகிச்சை நெடுங்காலம் ஏற்றுக்கொள்ளக் கூடாது என்று நான் கருதுகிறேன்.

வரலாறும் இதையே சொல்கிறது. 1951இல் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தின் அணு உலையில் மூளைக் கட்டி நோயாளிகளுக்கு முதல் முயற்சி நடந்தது. கொடுக்கப்பட்டது வெண்காரம் என்ற எளிய போரான் உப்பு. பின்னர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் உலையில் தொடர்ந்த முயற்சிகள் 1961இல் நின்றுபோயின. கட்டி அடங்கவில்லை, மூளையின் இரத்தக் குழாய்கள் சேதமடைந்தன. கதிர் பாய்ந்த வேளையில் குருதியிலேயே போரான் மிகுந்திருந்தது இதற்கு முக்கியக் காரணம். நியூட்ரான் ஆழமாகப் பாயவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் கற்றையை மட்டும் மாற்றியிருந்தால் அந்த நோயாளிகள் பிழைத்திருப்பார்கள் என்று எவரும் சொல்ல முடியாது. 1968இல் ஹதனாகா ஜப்பானில் சிகிச்சையை மீண்டும் தொடங்கியபோது அவர் கையிலிருந்த புதிய கருவி ஒரு புதிய மூலக்கூறு: பன்னிரண்டு போரான் அணுக்கள் கூண்டாக அமைந்து, ஒரு கந்தகத் தொகுதியும் சேர்ந்த போரோகாப்டேட். அடுத்த திருப்பமும் மூலக்கூறால் வந்ததே. ஃபினைல் அலனைன் அமினோ அமிலத்தின் வளையத்தில் போரானிக் அமிலத் தொகுதியை ஏற்றிய போரோனோஃபினைல் அலனைனை, தோல் கருமைப் புற்றுக்கு மிஷிமா 1987இல் பயன்படுத்தினார். புற்றுச் செல்கள் அமினோ அமிலத்துக்கு அலைபவை. லாட்-1 என்னும் கடத்திப் புரதத்தை அவை மிகுதியாகக் கொண்டிருக்கின்றன. அந்த வாசல் வழியே போரானும் உள்ளே போகிறது. இன்று ஜப்பானில் அனுமதி பெற்ற மருந்து, போரான்-10 செறிவூட்டப்பட்ட இதே மூலக்கூறுதான்.

அளப்பதற்கான முதல் நல்ல விடையும் இங்கிருந்தே வந்தது. 1991இல் இஷிவாடாவும் கூட்டாளிகளும் இந்த மூலக்கூறின் வளையத்தில் ஃபுளூரின்-18 அணுவை ஏற்றி, பாசிட்ரான் உமிழ்வுப் படத்தில், அதாவது பெட் படத்தில், தெரியும் ஃபுளூரோபோரோனோஃபினைல் அலனைனை உருவாக்கினார்கள். கட்டி மருந்தை ஏற்குமா என்பதைச் சிகிச்சைக்கு முன்பே பார்க்க முடிந்தது பெரிய காரியம். ஆனாலும் இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, படத்தில் தெரிவது சிகிச்சை மூலக்கூறு அல்ல. ஒரு ஹைட்ரஜனுக்குப் பதில் ஃபுளூரின் ஏறிய அதன் உறவினர். இரண்டாவது, அதைச் செய்யும் பழைய முறைக்குக் கதிரியக்க ஃபுளூரின் வாயு வேண்டும். அந்த வாயுவில் கதிரியக்கமற்ற ஃபுளூரினும் கலந்தே வருகிறது. மூலக்கூறின் இரண்டு ஃபுளூரின் அணுக்களில் ஒன்று வீணாவதால் விளைச்சல் 50 விழுக்காட்டைத் தாண்டவே முடியாது. ஃபுளூரின்-18இன் அரை ஆயுட்காலம் 110 நிமிடம் என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால், பெரும்பாலான மருத்துவமனைகளுக்கு இது ஏன் எட்டாப் பொருளாக இருந்தது என்பது விளங்கும்.

ஒளி இங்கேதான் உதவிக்கு வருகிறது. 2019இல் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் நைஸ்விச், லீ குழுவினர் சயின்ஸ் இதழில் ஒரு வழியைக் காட்டினார்கள். நீல ஒளியால் கிளர்ந்த அக்ரிடினியம் வினையூக்கி அரோமாட்டிக் வளையத்திலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறிக்கிறது. எலக்ட்ரான் இழந்து நேர்மின்சுமை ஏற்ற வளையத்தைச் சைக்ளோட்ரானிலிருந்து நேரே வரும் ஃபுளூரைடு அயனி தாக்கி, ஹைட்ரஜன் இருந்த இடத்தில் அமர்கிறது. வாயு வேண்டாம், வளையத்தில் முன்கூட்டியே ஒரு விலகும் தொகுதியை ஏற்றிவைக்கும் நீண்ட தயாரிப்பும் வேண்டாம். 2017இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் அகர்வால் குழு காட்டியது போரானுக்கு இன்னும் நெருக்கமானது. கார்பாக்சிலிக் அமிலத்தை எளிய எஸ்டராக மாற்றி, கண்ணுக்குப் புலப்படும் ஒளியில், உலோக வினையூக்கி எதுவுமின்றி, கார்பன் டை ஆக்சைடு நீங்கிய இடத்தில் போரானை அமர்த்தினார்கள். அமினோ அமிலங்களும் கார்பாக்சிலிக் அமிலங்களே. இயற்கை தந்த அமினோ அமிலப் பட்டியல் முழுவதையும் போரான் ஒப்புமைகளாக மாற்றிப் பார்க்கும் வாய்ப்பு இத்தகைய வினைகளால் திறந்தது. மருந்து வேதியியலில் இதற்கு ஈடான வாய்ப்பு அடிக்கடி வாய்ப்பதில்லை.

அந்த ஒப்புமைகளுள் இன்று எனக்கு மிக முக்கியமாகப் படுவது, கார்பாக்சிலேட்டுக்குப் பதில் மூன்று ஃபுளூரின் ஏறிய போரானை, அதாவது டிரைஃபுளூரோபோரேட்டை, உடைய அமினோ அமிலங்கள். வடிவத்திலும் மின்சுமையிலும் இரண்டும் மிக நெருக்கம். கடத்திப் புரதம் வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் உள்ளே விடுகிறது. இச்சேர்மங்களை 2015இல் லியூ ஷிபோவும் சென் சியாவ்யுவானும் கூட்டாளிகளும் அறிமுகப்படுத்தினார்கள். பின்னர் பீக்கிங் பல்கலைக்கழகத்தில் லியூவின் குழு டைரோசினின் இத்தகைய ஒப்புமையைச் சிகிச்சைக்கும் படத்துக்கும் சேர்த்து முன்வைத்தது. இதற்கு அடித்தளமான வேதியியலைப் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் பெரின் ஏற்கெனவே அமைத்திருந்தார்: போரானோடு பிணைந்த சாதாரண ஃபுளூரின் அணுவை, அமிலம் கலந்த நீரில், ஒரே படியில் ஃபுளூரின்-18ஆல் மாற்றிவிடலாம். மாற்றத்துக்குப் பின் கிடைப்பதும் வேதியியலில் அதே மூலக்கூறு. பிணைப்புகள் அவையே, மின்சுமை அதுவே. ஓர் அணுவின் கரு மட்டும் வேறு. இப்போது காணும் மூலக்கூறும் கொல்லும் மூலக்கூறும் ஒன்று. இத்துறையின் எழுபதாண்டு வரலாற்றில் இதைவிடத் தெளிவான தருக்க முன்னேற்றம் இல்லை என்பது என் மதிப்பீடு.

இதற்கும் வரம்புகள் உண்டு. படம் எடுக்கச் செலுத்துவது மிகச் சிறு அளவு. சிகிச்சைக்கோ, இன்றைய மருந்தில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 500 மில்லிகிராம் வரை. 60 கிலோ மனிதருக்கு 30 கிராம். அத்தனை மூலக்கூறுகள் ஒரே நேரத்தில் வந்தால் கடத்திப் புரதம் நிறைந்துவிடும். சிறு அளவில் கண்ட விகிதம் பேரளவில் அப்படியே நிற்கும் என்ற உறுதி இல்லை. அடுத்த வரம்பு இடத்தைப் பற்றியது. பெட் படத்தின் மிகச் சிறு புள்ளிகூடச் சில மில்லிமீட்டர். அதற்குள் கோடிக்கணக்கான செல்கள். ஆல்ஃபா துகள் பயணிப்பதோ 9 மைக்ரோமீட்டர். அந்தப் புள்ளிக்குள் பாதிச் செல்கள் போரானை நிறைய ஏற்று, மீதி ஏற்காமலே இருந்தாலும் படம் சராசரியைத்தான் காட்டும்; பிழைத்த செல்களிலிருந்து நோய் திரும்பும். பிளவுகளில் 94 விழுக்காட்டில் வெளிப்படும் 478 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா கதிரைச் சிகிச்சையின்போதே படம்பிடிக்கும் முயற்சிகள், செலுத்திய மருந்தைத் தாண்டி நிகழ்ந்த வினையையே காண முயல்பவை என்பதால் மதிப்புடையவை. ஆனால் நியூட்ரான்கள் எழுப்பும் பின்னணி இரைச்சலும், அருகிலேயே 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் வரும் கதிரும் அதைக் கடினமாக்குகின்றன.

செல்லுக்குள் கதிர் என்ன செய்கிறது என்பது கதிர்வீச்சு வேதியியலின் களம். கதிர் பட்ட நீரில் பிறக்கும் நீரேறிய எலக்ட்ரானை 1962இல் ஹார்ட்டும் போக்கும் கண்டு காட்டியதிலிருந்து இத்துறை எண்களோடு பேசக் கற்றுக்கொண்டது. ஒரு கிரே எக்ஸ் கதிர் ஒரு லிட்டர் நீரில் 0.28 மைக்ரோமோல் நீரேறிய எலக்ட்ரான்களைத் தருகிறது. அந்த எலக்ட்ரானைக் கொண்டே பிளாட்டினம் முன்மருந்துகளைக் கட்டிக்குள் ஒடுக்கி, மருந்தை அங்கேயே விடுவிக்கும் வழியை லியூவின் குழு உருவாக்கியிருக்கிறது. அழகான கருத்து. ஆனால் 60 கிரே கொண்ட முழுச் சிகிச்சையிலும் கிடைக்கக்கூடிய எலக்ட்ரான்கள், ஒன்றுகூட வீணாகாவிட்டாலும், லிட்டருக்கு 17 மைக்ரோமோல்தான். உயிர்த் திசுவில் அவற்றுக்குப் போட்டியிடும் மூலக்கூறுகள் ஏராளம். ஆகவே மிகக் குறைந்த செறிவிலேயே செயல்படும் மருந்துக்கே இவ்வழி பொருந்தும். இவ்வழியைப் போரான் சிகிச்சையோடு இணைக்க விரும்புவோர் இன்னொன்றையும் எண்ண வேண்டும். ஆல்ஃபா துகளின் தடத்தில் மைக்ரோமீட்டருக்கு ஏறத்தாழ 160 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொட்டுவதால், நெருக்கமாகப் பிறக்கும் எலக்ட்ரான்களும் தனி உறுப்புகளும் ஒன்றோடொன்று சேர்ந்து அழிகின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடு கூடுகிறது. ஆக்சிஜன் குறைந்த செல்களையும் இத்தடம் கொல்வது சிகிச்சைக்கு நன்மை. எலக்ட்ரானால் திறக்கும் முன்மருந்துக்கு அதே தடம் பாதகம்.

ஓர் எதிர்வாதத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஜப்பானிய ஆய்வில் 21 நோயாளிகளுள் 71 விழுக்காட்டினரின் கட்டி சுருங்கியது. இவ்வளவு அளவீட்டு நுட்பம் இல்லாமலே இது நிகழ்ந்தது. பிறகு ஏன் இந்தக் கவலை என்று கேட்கலாம். மருத்துவம் ஏற்கெனவே கைவிட்ட நோயாளிகள் அவர்கள் என்பதால் அந்த எண் உண்மையிலேயே மகத்தானது. ஆனால் மீதி 29 விழுக்காட்டினருக்கு ஏன் பலனளிக்கவில்லை என்று கேட்டால், போரான் சேரவில்லையா, சேர்ந்தும் செல்கள் தாங்கினவா என்று பிரித்துச் சொல்லக் குருதி அளவு உதவாது. காரணம் தெரியாத தோல்வியைத் திருத்தும் வழி எவருக்கும் தெரிவதில்லை.

இந்தியாவுக்கு இது தொலைதூர விவாதம் அல்ல. இங்கே ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுகளுள் வாய்ப் புற்றுநோய் முன்வரிசையில் நிற்கிறது. ஜப்பானில் அனுமதி கிடைத்திருப்பதும் இதே உடற்பகுதிக்குத்தான். வேக ஈனுலையின் கட்டுப்பாட்டுத் தண்டுகளுக்காகப் போரான்-10ஐச் செறிவூட்டும் அறிவைக் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் வளர்த்திருக்கிறது. ஃபுளூரின்-18 தயாரிக்கும் சைக்ளோட்ரான்களும் பெட் கருவிகளும் நம் பெருநகரங்களில் இயங்குகின்றன. முடுக்கி வாங்குவதற்கு முன்பே போரான் அமினோ அமிலங்களைத் தொகுக்கவும், அவற்றை நம் நோயாளிகளின் கட்டிகள் எவ்வளவு ஏற்கின்றன என்று படமெடுத்து அறியவும் இவை போதும். இத்துறையில் இறங்க எண்ணும் வேதியியலாளர்கள் அங்கிருந்து தொடங்க வேண்டும். மருத்துவ முடிவுகளை வெளியிடும் ஆய்விதழ்களின் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: கட்டியின் போரான் செறிவு அளக்கப்பட்டதா, குருதியிலிருந்து அனுமானிக்கப்பட்டதா என்பதை ஒவ்வொரு கட்டுரையும் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்று விதியுங்கள்.