நியூசிலாந்துப் பால்பண்ணைகளில் மேய்ச்சல்நில ஊட்டச்சத்து மேலாண்மை

நியூசிலாந்துப் பால்பண்ணைகளில் மேய்ச்சல்நில ஊட்டச்சத்து மேலாண்மை என்பது, கறவை மாடுகள் மேயும் புல்வெளிகளின் மண்ணில் பயிர்ச்சத்துக்களைத் தேவையான அளவில் பேணுவதும், மிகுதியான சத்து நீர்நிலைகளைச் சேராமல் தடுப்பதும் ஆகும். இந்நாட்டில் மாடுகள் பெரும்பாலும் திறந்தவெளியிலேயே வளர்க்கப்படுகின்றன. புல்லே அவற்றின் முதன்மைத் தீவனம் என்பதால், பால் உற்பத்தி மண்வளத்தைப் பெரிதும் சார்ந்துள்ளது.

புல்வெளி

இங்குள்ள மேய்ச்சல் நிலங்களில் பொதுவாக ரைபுல்லும் வெண் குளோவரும் கலந்து வளர்க்கப்படுகின்றன. குளோவர் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியங்கள் காற்றிலுள்ள நைதரசனை நிலைநிறுத்துகின்றன. யூரியா மிகுதியாக இடப்பட்டால் புல் செழித்துக் குளோவரை நிழலில் ஆழ்த்தும். நைதரசன் நிலைநிறுத்தலும் குறையும்.

உரமிடல்

நியூசிலாந்து மண்வகைகள் பலவற்றில் பாசுபரசும் கந்தகமும் இயற்கையாகவே குறைவு. சூப்பர் பாசுபேட்டு உரம் இவ்விரண்டையும் அளிக்கிறது. உரத்தின் அளவு மண் பரிசோதனையைக் கொண்டு முடிவு செய்யப்படுகிறது. இதற்கு 7.5 செ.மீ. ஆழம் வரை மண் மாதிரி எடுக்கப்படுகிறது. பாசுபரசை அளக்க ஓல்சன் முறை பயன்படுகிறது. எரிமலைச் சாம்பல் மண்ணிலும் படிவு மண்ணிலும் 20 முதல் 30 வரையிலான மதிப்பு போதுமானதாகக் கருதப்படுகிறது.

சத்துக்களின் இடப்பெயர்ச்சி

மாடு உண்ணும் நைதரசனில் சிறு பகுதியே பாலில் சேர்கிறது. எஞ்சியதில் பெரும்பகுதி சாணமாகவும் சிறுநீராகவும் வெளியேறுகிறது. ஆனால் அது நிலமெங்கும் சமமாகப் பரவுவதில்லை. வாயில், தண்ணீர்த் தொட்டி, பால் கறக்கும் கொட்டகை ஆகியவற்றின் அருகே சத்துக்கள் குவிகின்றன. உலர்புல் அறுக்கப்படும் நிலமோ பொட்டாசியத்தை இழக்கிறது. கொட்டகையைக் கழுவிய கழிவுநீரில் நைதரசனும் பொட்டாசியமும் இருப்பதால், அதைக் குட்டையில் தேக்கி நிலத்தில் பாய்ச்சுவர். அதனையும் உரக்கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரே நிலத்தில் தொடர்ந்து பாய்ச்சினால் பொட்டாசியம் மிகுந்து, புல் மக்னீசியத்தை உறிஞ்சுவது குறையும். அப்புல்லை மேயும் மாடுகளுக்கு மக்னீசியக் குறைபாட்டு நோய் வரலாம்.

நைத்திரேட்டுக் கசிவு

சிறுநீர் விழும் சிறிய இடத்தில் நைதரசனின் செறிவு புல்லின் தேவையை விடப் பன்மடங்கு அதிகம். புல் உறிஞ்சாத நைத்திரேட்டு, குளிர்கால மழையில் நிலத்தடி நீருக்குக் கசிகிறது. எனவே இடப்படும் உரத்தை விடச் சிறுநீரே கசிவின் முதன்மை மூலமாகும். எனினும் உரத்தால் புல் பெருகி, மாடுகளின் எண்ணிக்கை கூடும்போது சிறுநீரும் பெருகுகிறது.

கசிவைக் குறைக்கப் பயன்பட்ட டைசயனடையமைடு என்னும் வேதிப்பொருளின் எச்சம் பாலில் காணப்பட்டதால், 2013 சனவரியில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. மேய்ச்சல் நிலத்தில் இடப்படும் செயற்கை நைதரசனை ஆண்டுக்கு எக்டேருக்கு 190 கி.கி. என வரையறுக்கும் விதி 2021 சூலையில் நடைமுறைக்கு வந்தது.