விலக்கு முந்தியது, சட்டம் பிந்தியது

சைவப் பேரறிஞர் மறைமலை அடிகளின் பெயர் தாங்கிய மறைமலை நகரிலும், அதனையடுத்த ஒரகடம், திருப்பெரும்புதூர் ஆலைகளிலும் எல்லாச் சமயத்தாரும் அருகருகே நின்று பணிபுரிகின்றனர். அங்கே ஓர் இளைஞருக்கு அவர் பெயரைக் கண்டதுமே ஒரு தனியார் நிறுவனம் வேலை மறுக்குமாயின், அவர் எச்சட்டத்தைக் காட்டி முறையிடுவார்?

1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 16ஆம் பிரிவு, சமயங் காரணமாக வேலை மறுப்பதைத் தடுக்கிறது. ஆனால் அத்தடை அரசுப் பணிக்கே உரியது. சமய நிறுவனப் பதவிகளை அச்சமயத்தார்க்கே உரித்தாக்கும் சட்டங்களுக்கு அதே பிரிவு விலக்கும் அளிக்கிறது. தனியார் துறையில் பாலினம், உடற்குறை ஆகியவை பற்றித் தனிச்சட்டங்கள் பின்னர் வந்தன. சமயப் பாகுபாட்டைத் தடுக்கும் பொதுவான மத்தியச் சட்டம் வரவில்லை.

அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டுக் குடிசார் உரிமைகள் சட்டம் தனியார் முதலாளிகளையும் கட்டுப்படுத்தியது. சமய நிறுவனங்களுக்கான விலக்கு அதனுள்ளேயே அடங்கியது. நம் நாட்டிலோ விலக்கு முந்திக்கொண்டது. 2006இல் சச்சார் குழு சம வாய்ப்பு ஆணையம் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. 2008இல் மாதவ மேனன் தலைமையிலான வல்லுநர் குழு அதற்கு வடிவம் தந்தது. அது சட்டமாகவில்லை.

இச்சட்டத்தைக் கோரும் நாம் நம் வீட்டையும் நோக்கவேண்டும். சமூக விலக்கத்தைத் தடைசெய்த 1949ஆம் ஆண்டுப் பம்பாய்ச் சட்டத்தைத் தாவூதி போரா தலைவர் சையதுனா தாஹிர் சைபுதீன் எதிர்த்தார். சமயப் பிரிவின் தன்னாட்சியைக் காட்டி, 1962இல் உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை அச்சட்டத்தைச் செல்லாதென்றது. தலைமை நீதிபதி பி.பி. சின்கா மட்டும் மாறுபட்டார். விலக்கப்பட்டவர் தம் சமூகத்தில் தீண்டத்தகாதவர் நிலைக்குத் தள்ளப்படுவதை அவர் கண்டார். அத்தீர்ப்பை மறுஆய்வு செய்யும் பொறுப்பு 2023இல் 9 நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

பள்ளிவாசலுக்கு இமாமைத் தேர்வதில் முஸ்லிம் அல்லாதவரை விலக்குவது பாகுபாடன்று. அப்பணியின் இயல்பே அது. ஓர் எளியவரின் அடக்க உரிமையைப் பறிப்பது அத்தகையதன்று. இவ்வேறுபாட்டை நாம் தெளிந்துரைத்தாலன்றி, ஆலை வாயிலில் நாம் கேட்கும் நீதிக்கு வலுவிராது. மதீனா உடன்படிக்கை ஒவ்வொரு சமூகத்துக்கும் அதனதன் மார்க்கத்தை உறுதி செய்தது; அநீதி இழைக்கப்பட்டவருக்குத் துணைநிற்பதையும் கடமையாக்கியது. அவ்விரண்டையும் நாம் பிரித்துப் பார்த்தலாகாது.