ஷிபுயா எழுதிய சட்டம், செத்தகயா போட்ட ஆணை

டோக்கியோவில் 23 சிறப்பு வார்டுகள் உண்டு. நம் ஊர் வார்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் தனி மேயர், தனி மன்றம். செத்தகயாவில் மட்டும் சுமார் 9 லட்சம் பேர் வசிக்கிறார்கள். அதை ஒட்டியிருக்கும் சிறிய வார்டு ஷிபுயா. 2015 நவம்பர் 5 அன்று இரண்டும் தன்பாலின இணையருக்கு ஆவணம் வழங்கத் தொடங்கின. ஜப்பானில் அதற்கு முன் எந்த உள்ளாட்சியும் செய்யாத காரியம் அது. ஆனால் அவை போன பாதை வேறு வேறு.

ஷிபுயாவில் கென் ஹசெபே என்ற மன்ற உறுப்பினர் 2012-இலேயே இந்த யோசனையை முன்வைத்தார். 2015 மார்ச் 31-இல் அது உள்ளாட்சிச் சட்டமாக நிறைவேறியது. லிபரல் டெமாக்ரடிக் கட்சியினர் எதிர்த்து வாக்களித்தார்கள். அடுத்த மாதமே ஹசெபே மேயரானார். செத்தகயாவிலோ மன்றத்தில் வாக்கெடுப்பே இல்லை. திருநங்கை என்பதை வெளிப்படையாகச் சொல்லி 2003-இல் மன்றத்துக்குத் தேர்வான அயா கமிகவா நெடுநாள் வற்புறுத்தினார். மேயர் நொபுட்டோ ஹொசாகா தன் அதிகாரத்துக்கு உட்பட்ட நிர்வாக ஆணையாகவே அதைக் கொண்டுவந்துவிட்டார்.

சான்றிதழ் கேட்டு வருபவர் படும் பாட்டைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். ஷிபுயாவில் பொதுவாக இரண்டு நோட்டரி பத்திரங்கள் வேண்டும். சேர்ந்து வாழ்வதற்கான ஒப்பந்தம் ஒன்று. பிற்காலத்தில் ஒருவர் சுயமாக முடிவெடுக்க முடியாத நிலைக்குப் போனால் மற்றவரே காப்பாளர் என்பது இன்னொன்று. செலவு பல பத்தாயிரம் யென். செத்தகயாவில் அலுவலர் முன் இருவரும் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டால் அதைப் பெற்றுக்கொண்டதற்கான சான்று கைக்கு வரும். கட்டணம் கிடையாது.

செத்தகயாவின் காகிதம் வெறும் மரியாதைதானே என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. ஆனால் ஷிபுயாவின் காகிதமும் திருமணம் ஆகிவிடாது. ஜப்பானிய அரசியல் சட்டத்தின் 94-ஆம் பிரிவுப்படி உள்ளாட்சி தேசியச் சட்டத்தின் வரம்புக்குள்தான் சட்டம் இயற்றலாம். சொத்துரிமையையும் வாரிசுரிமையையும் அது தொட முடியாது. ஷிபுயா இணையருக்குக் கிடைக்கும் உண்மையான சட்டப் பாதுகாப்பு அந்த நோட்டரி பத்திரங்களிலிருந்து வருகிறது. அவற்றை ஒசாகாவில் இருப்பவரும் எழுதிக்கொள்ளலாம், அதற்கு ஷிபுயாவின் சட்டம் எதற்கு?

சட்டத்தின் பலம் வேறோர் இடத்தில் இருக்கிறது. வீடு வாடகைக்குத் தர மறுக்கும் நிறுவனத்துக்கும், நோயாளியின் துணையைக் குடும்பத்தினராக ஏற்காத மருத்துவமனைக்கும் ஷிபுயா அறிவுரை சொல்லலாம், பரிந்துரை அனுப்பலாம். அதற்கும் மசியாவிட்டால் பெயரை ஊரறிய வெளியிடலாம். இந்தப் பிரிவு செத்தகயாவின் ஆணையில் இல்லை. மேயர் போட்ட ஆணை வார்டு அலுவலகத்தைக் கட்டுப்படுத்தும், வீட்டுக்காரரைக் கட்டுப்படுத்தாது. போதாக்குறைக்கு, அடுத்து வரும் மேயர் நினைத்தால் மன்றத்தைக் கேட்காமலே அதைத் திரும்பப் பெறலாம்.

இருந்தும் பின்னால் வந்த ஊர்களில் பெரும்பாலானவை செத்தகயாவின் வழியைத்தான் பிடித்தன. மன்றத்தில் பெரும்பான்மை தேட வேண்டியதில்லை, செலவில்லை, இணையருக்கும் அலைச்சல் குறைவு. இன்று நூற்றுக்கணக்கான உள்ளாட்சிகளில் இந்த ஏற்பாடு இருக்கிறது. 2022 நவம்பரில் டோக்கியோ மாநகர அரசே தொடங்கியது. ஷிபுயாவைப் போல நோட்டரி பத்திரம் கேட்டிருந்தால் இவ்வளவு வேகமாகப் பரவியிருக்காது என்றே நினைக்கிறேன்.

ஆனால் செத்தகயாவே தன் ஆணையோடு நின்றுவிடவில்லை. பாலின நாட்டத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்று 2018 ஏப்ரலில் ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது; இந்த முறை மன்றத்தின் ஒப்புதலோடு. பதிவை ஆணையால் எளிதாக்குவதும், கதவடைப்பவரைச் சட்டத்தால் தட்டிக்கேட்பதும் தனித்தனி வேலைகள் என்பதை அந்த வார்டு புரிந்துகொண்டது. செத்தகயாவைப் பார்த்து எழுதும் ஊர்கள் 2015-இன் ஆணையை மட்டும் நகலெடுத்தால் போதாது, 2018-இன் சட்டத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.