நாலாம் நாள் எங்கள் ஊரில்

பங்குனி பிறந்துவிட்டால் என் மனம் நாட்டரசன்கோட்டைக்குப் போய்விடும். சிவகங்கைக்குப் பக்கத்தில் உள்ள என் சொந்த ஊர். கண்ணுடைய நாயகி அம்மன் கோயிலால் பலருக்கும் தெரிந்திருக்கும். கம்பர் அடங்கிய இடம் இங்கேதான் என்பது ஊராரின் வழிவழி நம்பிக்கை.

சோழனோடு மனம் கசந்த கம்பர் பாண்டிய நாட்டுக்கு வந்து இங்கே உயிர் நீத்தார் என்பார்கள். இது செவிவழிக் கதைதான். வரலாறு என்று அடித்துச் சொல்லமாட்டேன். அவர் காலமே தீராத வழக்கு. ஒரு பழைய தனிப்பாடலை வைத்து, சக ஆண்டு 807 பங்குனி அத்த நாளில் இராமாயணம் அரங்கேறியது என்பார்கள். அது ஒன்பதாம் நூற்றாண்டு. இல்லை, பன்னிரண்டாம் நூற்றாண்டுதான் என்பவர்களும் உண்டு.

ஆண்டு எதுவானாலும் நாளை விடவேண்டாம் என்று பிடித்துக்கொண்டவர் 'கம்பனடிப்பொடி' சா. கணேசன். சட்டை அணியாத கதர் மனிதர்; விடுதலைப் போராட்டக்காரர். 1939இல் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். முதல் விழாவுக்கு ரசிகமணி டி.கே.சி. தலைமை. பங்குனி மகம், பூரம், உத்திரம் மூன்று நாளும் விழா காரைக்குடியில். நாலாம் நாள் அத்தத்தன்று எங்கள் ஊரில், கம்பர் சமாதியில். குறித்த நிமிடத்தில் கூட்டம் தொடங்கிவிடும். யாருக்காகவும் காத்திருக்கும் வழக்கம் இல்லை.

விழா தொடங்கிய நான்காம் வருடமே கம்பருக்கு எதிர்ப்பு பலத்தது. 1943இல் அண்ணா, ரா.பி. சேதுப்பிள்ளையோடும் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் மேடையில் நேருக்கு நேர் வாதிட்டார். பிறகு 'கம்பரசம்' வந்தது. என் அப்பா அந்தக் கட்சி. அவர் டிரங்குப் பெட்டியில் துண்டுக்கு அடியில் அந்தப் புத்தகம் இருக்கும். விழாப் பந்தல் பக்கம் அவர் தலைவைத்தும் படுக்கமாட்டார்.

எனக்குச் சிறு வயதில் திக்குவாய். கம்பர் சமாதி மண்ணை நாக்கில் வைத்தால் பேச்சு நன்றாக வரும் என்பது ஊர் வழக்கம். அம்மா பச்சைக் குழந்தையிலேயே வைத்துவிட்டாள். "மண்ணைத் தின்னா வயிறுதான் கெடும்" என்று அப்பா சத்தம் போட்டாராம். அப்பா சொன்னது நடக்கவில்லை. அம்மா நினைத்ததும் நடக்கவில்லை. வயிறும் கெடவில்லை, திக்கலும் போகவில்லை.

1960களின் நடுவில் ஒரு அத்த நாள். எனக்குப் பத்து, பதினொரு வயது. அம்மா என்னைக் கையைப் பிடித்து விழாவுக்கு அழைத்துப் போனாள். வழிபாடு முடிந்து சொற்பொழிவு. பேசியவர் வாலி வதத்தை எடுத்துக்கொண்டார். அம்பு பட்டுக் கிடக்கும் வாலி இராமனை ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கிறான். கூட்டத்தில் ஒரு சத்தம் இல்லை.

வீட்டுக்கு வந்தால் அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "என்னடா சொன்னாங்க?" என்றார். திக்கித் திக்கிச் சொன்னேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார்.

"ஏன் மறைஞ்சு நின்னு அடிச்சேன்னு வாலி கேட்டதுக்கு ராமன் பதில் சொல்லலையாம்பா. இலக்குவன்தான் சொன்னானாம்."

"பார்த்தியா! கட்சிக்காரன் வாயைத் திறக்கலே, வக்கீலை விட்டுப் பேசச் சொல்லிட்டான்" என்று சிரித்தார்.

உள்ளேயிருந்து அம்மா குரல் வந்தது: "அந்தக் கேள்வியை எழுதினதும் கம்பர்தானே?"

அப்பா பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கேள்வியை மட்டும் இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் இது நடந்தது. அவர் பந்தலுக்கு வரவே இல்லை. ஆனால் முழுப் பேச்சையும் என் வாயால் கேட்டுத் தன் தீர்ப்பைச் சொல்லாமல் தூங்கமாட்டார். அவரிடம் ஒப்பிக்கவேண்டுமே என்று கவனமாகக் கேட்டேன். நிறுத்தி நிறுத்திச் சொல்லப் பழகினேன். பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் திக்கல் பெரும்பாலும் போய்விட்டது.

கம்பனைப் பேசியவர்களைப் பாருங்கள். பொதுவுடைமைக்காரர் ஜீவா பேசினார். குன்றக்குடி அடிகளார் பேசினார். நீதிபதி மு.மு. இஸ்மாயில் அதே வாலி வதத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். இராமனை வணங்குகிறாயா என்று யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. பாட்டைப் படித்திருக்கிறாயா என்பதுதான் கேள்வி. அந்தக் கணக்கில் என் அப்பாவும் விழாவுக்கு வந்தவர்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அவர் போன பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். 'கம்பரசம்' அப்படியே இருந்தது. அதற்குக் கீழே பழைய கிட்கிந்தா காண்டம் ஒன்று, வாலி வதைப் படலத்தில் ஒரு பஸ் டிக்கெட் செருகியிருந்தது.