ஒரே அம்மாள், இரண்டு ஓய்வூதியம்

என் பேரன் ஓர் அரிசி மண்டிக்குக் கணினியில் கணக்கு வைக்கும் ஏற்பாடு செய்து கொடுக்கிறான். "எல்லாத்தையும் முதல்லேருந்து நீயேவா யோசிக்கணும்?" என்று கேட்டேன். "எதுக்குத் தாத்தா? மாதிரி இருக்கு. அதை எடுத்து நம்ம கடைக்கு ஏத்தபடி மாத்திக்க வேண்டியதுதான்" என்றான். மாதிரி இருக்கிறதா! முப்பது வருடத்துக்கு முன் இதை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் ஒரு பாவத்திலிருந்து தப்பியிருப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் அலுவலகத்துக்குக் கணினி வந்தது. எந்த அலுவலகம் என்பது வேண்டாம். ஓய்வூதியக் கோப்புகள் என் மேசையில் இருந்தன. அட்டவணை போட வந்த பையன், "சார், என்னென்ன பத்தி வேணும்னு எழுதிக் கொடுங்க" என்றான். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: பெயர், பிறந்த தேதி, ஓய்வு பெற்ற தேதி, முகவரி, வங்கிக் கணக்கு எண், தொகை. "ஆளை அடையாளம் காண எது சார்?" என்றான். "வங்கிக் கணக்கு எண்ணையே வை தம்பி, அது மாறாது" என்று பெரிய மேதாவி போலச் சொன்னேன்.

ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். அவர் கணவரும் அரசு ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்ததும் அந்த அம்மாளுக்குக் குடும்ப ஓய்வூதியம் சேர்ந்தது. சொந்த ஓய்வூதியம் ஒன்று, கணவர் வழியில் ஒன்று. இரண்டும் ஒரே வங்கிக் கணக்குக்கு. கணினியோ ஒரு எண்ணுக்கு ஒரு வரிதான் என்றது. புது வரி பழைய வரியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அவருடைய சொந்த ஓய்வூதியம் நான்கு மாதம் நின்றுபோயிற்று. உயிர்ச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் செத்துப்போயிட்டேன்னு இருக்கா தம்பி?" என்று என் எதிரே நின்றார். பழைய காகித அட்டையைத் தேடி எடுத்துத்தான் சரிசெய்தேன். பழி அந்தப் பையன் மேல் போயிற்று. நான் வாய் திறக்கவில்லை.

இத்தனைக்கும் நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். மாதிரிப் படிவம் என்பது எங்களுக்குத் தாய்ப்பால் மாதிரி. பிரான்சில் 1947-இல் 'பிளான் கோந்தாபிள்' என்று ஒரு பொதுக் கணக்குத் திட்டம் கொண்டுவந்தார்கள். சரக்கு தருபவர் 40, வாடிக்கையாளர் 41 என்று ஒவ்வொரு வகைக் கணக்குக்கும் ஓர் எண். ரொட்டிக் கடைக்கும் அதே எண், இரும்பு ஆலைக்கும் அதே எண். என் அண்ணன் ராகம் போட்டு உருப்போட்டதைக் கேட்டே எனக்கும் பாடமாகிவிட்டது. நம் ஊர் மேரியில் இருந்த 'எத்தா சிவில்' பதிவேட்டையும் பார்த்திருக்கிறேன். பிறப்புப் பதிவு ஒருவருக்கு ஒன்றுதான். பின்னால் கல்யாணம் ஆனால், அதே பதிவின் ஓரத்தில் தேதியோடு குறிப்பு ஏறும். பழையதை யாரும் அழிப்பதில்லை. இது கண்ணெதிரே இருந்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

கணினிக்காரர்களும் இந்த இடத்துக்கு மெதுவாகத்தான் வந்திருக்கிறார்கள். ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த எட்கர் காட், தகவலை அட்டவணைகளாகப் பிரித்து வைக்கும் முறையை 1970-இல் எழுதினார். 1976-இல் பீட்டர் சென், அட்டவணை போடுவதற்கு முன் எந்தப் பொருளுக்கும் எந்தப் பொருளுக்கும் என்ன உறவு என்று படமாக வரையும் முறையைக் கொடுத்தார். ஆனாலும் ஒவ்வொரு கம்பெனியும் வாடிக்கையாளர், சரக்கு, பில் என்று முதலிலிருந்தே வரைந்துகொண்டிருந்தது. எல்லாம் ஒரே படம்தானே என்று டேவிட் ஹே 1996-இல் ஒரு புத்தகம் போட்டார். மறு வருடமே லென் சில்வர்ஸ்டன் வேறு இருவரோடு சேர்ந்து, எடுத்து அப்படியே பயன்படுத்தக்கூடிய மாதிரிகளைத் தொகுத்து வெளியிட்டார். ஆட்கள், சரக்கு, கொள்முதல், அனுப்புதல், விலைப்பட்டியல், கணக்கு எல்லாம் அதில் உண்டு.

இப்படிப்பட்ட மாதிரிகளில் உள்ள ஒரு விஷயத்தைப் பேரன் விளக்கியபோது எனக்கு வியர்த்துவிட்டது. ஆள் ஒரு அட்டவணையில், ஒரே முறை. அந்த ஆள் வகிக்கும் பாத்திரங்கள் வேறு அட்டவணையில், எத்தனை வேண்டுமானாலும், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பதோடு. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒரு வரி, ஊழியரின் விதவை இன்னொரு வரி, அம்மாள் ஒருவரே. அவ்வளவுதான் சமாசாரம்.

இலவசமாகக் கிடைக்கும் மாதிரி ஒன்றையும் காட்டினான். மைக்ரோசாப்ட் ஆக்சஸ் மென்பொருளோடு வந்த 'நார்த்விண்ட்'. உணவுப் பொருள் ஏற்றுமதி இறக்குமதி செய்யும் கற்பனைக் கம்பெனி. அதில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. சரக்கு அட்டவணையில் விலை இருக்கிறது; ஆர்டர் விவர அட்டவணையிலும் மறுபடி விலை இருக்கிறது. ஏன் இரண்டு தடவை என்றேன். "இன்னிக்கு விலை ஏறினா போன மாசத்துப் பில் மாறக்கூடாதே தாத்தா." நல்ல குமாஸ்தா செய்கிற வேலை!

பிடிக்காததும் உண்டு. ஊழியர் அட்டவணையில் குடும்பப் பெயர், முதற்பெயர் என்று இரண்டு கட்டம். நம் இனிஷியலை எதில் போடுவது? 1881 ஆணைப்படி பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்ட புதுச்சேரிக் குடும்பங்களுக்குத்தான் அது சரிப்படும். மற்றவர்களுக்கு அப்பா பெயர் குடும்பப் பெயராகி, அப்பாவைக் கூப்பிட்டால் மகன் வருவான். பேரன் அந்தக் கட்டங்களை எடுத்துவிட்டு முழுப்பெயருக்கு ஒரே கட்டம் வைத்திருக்கிறான்.

பிறகு மண்டிக்கு அவன் வரைந்த படத்தைப் பார்த்தேன். நெல் போடுகிறவர்கள் ஒரு அட்டவணை, வாங்குகிறவர்கள் இன்னொரு அட்டவணை. "பாகூர் விவசாயி நெல்லைப் போட்டுட்டு, மாட்டுக்குத் தவிடு கடனுக்கு வாங்கிட்டுப் போவாரே, அவரை எதிலே எழுதுவே?" என்று கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவர் ரெண்டுலயும் இருப்பார் தாத்தா. கடனை நெல்லுக்காசுல கழிக்க முடியாது."

இரண்டையும் அழித்துவிட்டு, 'ஆள்' என்று ஒரு பெட்டி வரைந்தான். அப்போதுதான் அந்த ஆசிரியை அம்மாள் கதையை அவனுக்குச் சொன்னேன், வங்கிக் கணக்கு எண்ணை வைக்கச் சொன்னது யார் என்பதையும் சேர்த்து.