எஸ்டேட்

எஸ்டேட் என்றதும் நமக்கு வால்பாறையின் தேயிலைச் சரிவுதான் நினைவுக்கு வரும். அமெரிக்க வருமான வரிப் படிவம் 1041-இன் தலைப்பில் உள்ள எஸ்டேட்டில் ஒரு செடிகூடக் கிடையாது. ஒருவர் இறந்தபின் வாரிசுகள் கைக்குப் போகும்வரை இடையில் நிற்கும் சொத்துத் தொகுதி அது. வங்கி வட்டி, வீட்டு வாடகை என அதற்கும் வருமானம் வரும். ஆண்டு மொத்த வருமானம் 600 டாலரைத் தொட்டால் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.

'நிற்கும்' என்று சொன்னது தற்செயல் அல்ல. லத்தீனில் நிற்றலைக் குறிக்கும் வேரிலிருந்து 'ஸ்டேட்டஸ்' பிறந்து, பழைய பிரெஞ்சில் 'எஸ்தாத்' ஆகி, ஆங்கிலத்தில் எஸ்டேட் ஆனது. முதலில் ஒருவரின் நிலை; பிறகு அந்த நிலைக்குரிய உடைமை. நம் 'நில்' என்ற வேரும் நிலை, நிலுவை என்று கிளைத்திருக்கிறது. வரிக்காரர்களுக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்!

சொல் ஒன்றாக இருப்பதால் குழப்பமும் உண்டு. எஸ்டேட் வரி என்பது விட்டுச்சென்ற சொத்தின் மதிப்புக்கானது. அதற்குப் படிவம் 706. எஸ்டேட்டின் வருமான வரி வேறு, அதற்கே 1041. டிரஸ்ட்டுகளுக்கும் இதே படிவம். வரி மென்பொருள் வாங்குகிறவர்கள் பெட்டியில் 1041 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். தனிநபர் பதிப்புகள் பலவற்றில் அது இருக்காது.