நினைவும் சான்றும்: ஈழத்து ஆளுமைகளும் இணையக் கலைக்களஞ்சியமும்

கனடாவின் டொரன்டோ மாநகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் இலங்கையிலிருந்து புலம்பெயர்ந்த தமிழர்கள் பெருமளவில் வாழ்கின்றனர். ஈழத்துத் தமிழ்த் தலைவர்களையும் எழுத்தாளர்களையும் நேரில் அறிந்த ஒரு தலைமுறையினர் அங்கு முதுமை எய்தி வருகின்றனர். அவர்களுக்குத் தெரிந்த செய்திகளில் பெரும்பகுதி இன்னும் அச்சேறவில்லை.

இவ்வாறு அச்சேறாத செய்திகளை ஒரு கலைக்களஞ்சியத்தில் சேர்க்க முடியுமா என்பது, தமிழ் விக்கிப்பீடியாவில் ஊதியமின்றி எழுதுவோர் மீண்டும் மீண்டும் எதிர்கொள்ளும் கேள்வியாகும். அதன் விதிகளின்படி இதற்கான விடை, முடியாது என்பதே.

பழைய மரபு

தனிமனிதர்களின் முயற்சியால் ஆளுமைகளின் வரலாற்றைத் தொகுப்பது ஈழத்துக்குப் புதியதல்ல. சைமன் காசிச்செட்டி ஆங்கிலத்தில் எழுதிய 'தமிழ் புளூராக்' 1859இல் யாழ்ப்பாணத்தில் வெளியானது. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையின் 'பாவலர் சரித்திர தீபகம்' 1886இல் வெளிவந்து, நானூறுக்கும் மேற்பட்ட புலவர்களைப் பற்றிய குறிப்புகளைத் தந்தது. ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் 'அபிதான கோசம்' 1902இல் அச்சானது.

பிற்காலத்தில் தமிழகத்தில் பெ. தூரன் தலைமையில் பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியம் அறிஞர் குழுவொன்றின் பணியாகும். விக்கிப்பீடியாவின் முறை இவை அனைத்திலிருந்தும் வேறுபட்டது. அதில் யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். ஒவ்வொரு திருத்தமும் பக்கத்தின் வரலாற்றில் பதிவாகிறது. கருத்து வேறுபாடுகள் பேச்சுப் பக்கத்தில் விவாதிக்கப்படுகின்றன.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதன் தொடக்ககால வளர்ச்சியில் முதன்மைப் பங்கு வகித்தவர், ஐக்கிய அரபு அமீரகத்தில் பணியாற்றிய இலங்கைத் தமிழரான இ. மயூரநாதன். டொரன்டோவை மையமாகக் கொண்ட தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு வழங்கியது. 2017இல் அக்கலைக்களஞ்சியத்தின் கட்டுரை எண்ணிக்கை ஒரு லட்சத்தைக் கடந்தது.

சான்று ஏன் கேட்கப்படுகிறது?

எழுதுபவர் யார் என்பது வாசகருக்குத் தெரியாத இடத்தில், எழுதப்பட்டது சரிதானா என்பதைச் சரிபார்க்க வெளியிடப்பட்ட ஆதாரம் ஒன்றே வழி. இதை உலகுக்கு உணர்த்திய நிகழ்வு 2005இல் நடந்தது. அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகன்தாலர், கென்னடி சகோதரர்களின் கொலைகளில் சம்பந்தப்பட்டவராகச் சந்தேகிக்கப்பட்டவர் என்ற பொய்ச் செய்தி ஆங்கில விக்கிப்பீடியாவில் ஏறத்தாழ நான்கு மாதங்கள் திருத்தப்படாமல் இருந்தது. அதன் பின்னர் உயிருடன் இருப்போரைப் பற்றிய கட்டுரைகளுக்கான விதிகள் கடுமையாக்கப்பட்டன.

ஆனால், ஈழத்து ஆளுமைகளைப் பொறுத்தவரை இந்த விதி ஒரு தனிச் சிக்கலைத் தோற்றுவிக்கிறது. 1981 மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அதன் பின்னர் நிகழ்ந்த போரும் இடப்பெயர்வுகளும் வீடுகளில் இருந்த இதழ்களையும் கடிதங்களையும் சிதறடித்தன. சான்று இல்லாததால் ஓர் எழுத்தாளர் கலைக்களஞ்சியத்தில் இடம்பெறாமல் போகும்போது, ஆவணங்களின் அழிவு அவரது பெயரின் அழிவாகவும் ஆகிவிடுகிறது.

யாழ்ப்பாண மரபில் ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளில் வெளியிடப்படும், 'கல்வெட்டு' எனப்படும் நினைவு மலர்கள் இதற்கு ஓரளவு உதவுகின்றன. பிறந்த நாள், கல்வி, வகித்த பதவி, எழுதிய நூல்கள் ஆகியவை அவற்றில் கிடைக்கும். எனினும், இவை உறவினராலும் நண்பர்களாலும் அன்பினால் எழுதப்படுபவை. தேதிகளுக்கு அவற்றை நம்பலாம். இலக்கிய மதிப்பீட்டுக்கு நம்ப முடியாது.

பெயர்களாலும் குழப்பம் நேர்கிறது. 'மகாகவி' என்றால் தமிழக வாசகருக்கு பாரதியார் நினைவுக்கு வருவார். ஈழத்தில் அது 1971இல் மறைந்த கவிஞர் து. உருத்திரமூர்த்தியின் புனைபெயருமாகும். இருவரையும் பிரித்துக் காட்டுவதும் தொகுப்பாளரின் பணியே.

சொற்களின் சிக்கல்

அரசியல் ஆளுமைகளைப் பற்றிய கட்டுரைகளில் சான்று கிடைத்த பின்னரும் சர்ச்சை ஓய்வதில்லை. யாழ்ப்பாண மேயராக இருந்த அல்பிரட் துரையப்பா 1975 ஜூலை 27 அன்று பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலில் சுட்டுக் கொல்லப்பட்டார். விடுதலைப் புலிகள் அமைப்பு பின்னாளில் இதற்கு உரிமை கோரியது. அவரைத் துரோகி என்றோர் உண்டு. மக்களுக்குப் பணியாற்றிய மேயர் என்போரும் உண்டு.

விக்கிப்பீடியாவின் நடுநிலைக் கோட்பாட்டின்படி, இவற்றுள் எதையும் கட்டுரை தன் கூற்றாகச் சொல்ல இயலாது. யார், எப்போது, எங்கே அவ்வாறு கூறினர் என்பதை மட்டுமே எழுதலாம். 'வீரச்சாவு', 'பயங்கரவாதி' போன்ற சொற்களுக்கும் இதுவே பொருந்தும். உறவினரை இழந்தவர்கள் வாழும் ஒரு சமூகத்தில் இந்த நடுநிலை சிலருக்கு அநீதியாகத் தோன்றுகிறது. ஆயினும், எதிர்த்தரப்பினர் எழுதும் கட்டுரையைக் கேள்விக்கு உட்படுத்தும் உரிமையைத் தருவதும் இதே விதிதான்.

ஸ்காபரோவில் உள்ள ஆவணங்கள்

இந்நிலையில், கட்டுரை எழுதுவோர் சிலரின் கவனம் ஆவணங்களைத் திரட்டுவதிலும் திரும்பியது. 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' என்ற இணைய நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் நினைவு மலர்களையும் எண்ணிம வடிவில் திரட்டி வருகிறது. அப்பணியில் டொரன்டோத் தமிழர்களும் பங்கேற்றுள்ளனர். டொரன்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாக நூலகமும் அந்நிறுவனத்துடன் இணைந்து பணியாற்றியுள்ளது.

1949இல் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்த எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தின் ஆவணத் தொகுப்பு, அந்த வளாகத்தின் ஆவணக் காப்பகத்திலேயே பேணப்படுகிறது. 1957ஆம் ஆண்டின் பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் முதல் 1976ஆம் ஆண்டின் வட்டுக்கோட்டைத் தீர்மானம் வரையான காலத்தின் மையப் புள்ளியாக விளங்கியவர் அவர்.

ஆனால், ஆவணம் கிடைத்ததும் கட்டுரை தானாக அமைந்துவிடாது. ஒரு தலைவரின் கடிதத்தைப் படித்து அதன் பொருளைத் தாமே முடிவு செய்து எழுதுவது சொந்த ஆய்வாகும். கலைக்களஞ்சியத்தில் அதற்கு இடமில்லை. ஆய்வாளர் ஒருவர் அக்கடிதங்களைக் கொண்டு நூலோ கட்டுரையோ வெளியிட்ட பின்னரே, தொகுப்பாளர் அதை மேற்கோள் காட்ட முடியும்.

ஆகவே, இணையத்தில் ஒரு பத்தி இடம்பெறுவதற்கு முன், பெட்டியில் கிடக்கும் இதழ் காப்பகத்தைச் சேர வேண்டும். முதியவரின் நினைவு பதிவு செய்யப்பட வேண்டும். அவற்றை ஆராய்ந்து எழுத ஒருவர் வேண்டும். இவற்றுள் முதலாவதும் மூன்றாவதும் கட்டங்கட்டமாக நடைபெறலாம், தள்ளியும் போடலாம். ஆனால் முதியவர்களின் நினைவைப் பதிவு செய்வதற்கான காலம் ஆண்டுதோறும் குறைந்து வருகிறது. நேரில் அறிந்தவர்கள் மறைந்த பின், கலைக்களஞ்சியம் கேட்கும் சான்றுக்கு விடை சொல்ல எவரும் எஞ்சியிருக்க மாட்டார்கள்.